ஓடவிட்ட ஏழு விநாடி

பிளாட் பென்ட், நெப்ராஸ்கா
ஜனவரி 16, 2005

அன்புள்ள தம்பி மெர்லுக்கு,

அக்கா லவோன் எழுதுவது. இங்கே நான் சுகம். குளிர் ஏறினால் இடுப்பு மட்டும் முரண்டு பிடிக்கிறது. உன் முழங்கால்கள் எப்படி இருக்கின்றன, அந்தக் கிழட்டு நாய் இன்னும் இருக்கிறதா, உங்கள் ஆர்ட் ஊர்ப் பக்கம் பனி எவ்வளவு என்று எழுது.

கிறிஸ்துமஸ் அட்டையில் நீ கையெழுத்து மட்டும் போடுவாய், நானும் பதிலுக்குக் கையெழுத்து மட்டும் போடுவேன். நாம் முழுக் காகிதம் எடுத்து ஒன்பது வருஷம் ஆகிறது. என் புருஷன் டுவேனின் அடக்கத்துக்கு நீ வராததைக் கேட்டு நான் எழுதியதுதான் கடைசி. அதற்கு நீ பதில் போடவில்லை.

இப்போது எழுத வைத்தது வெள்ளிக்கிழமைப் பேப்பர். நம் பக்கத்துச் சின்னக் கல்லூரிகள் பத்தும் சேர்ந்த சங்கம் ஃபுட்பால் விதியை மாற்றப் போகிறதாம். ஆட்டம் ரொம்ப இழுக்கிறதாம். பந்தைக் கையில் வைத்திருக்கிற அணி பத்து கெஜம் முன்னேறிவிட்டால் இத்தனை நாள் கடிகாரத்தை நிறுத்தினார்கள். பத்து கெஜத்தை அளக்கிற சங்கிலிக்காரர்கள் சங்கிலியைத் தூக்கிப் போய்ப் புது இடத்தில் ஊன்றிய பிறகுதான் மறுபடி ஓடும். இனி நிறுத்த வேண்டாம், அது பாட்டுக்கு ஓடட்டும் என்கிறார்கள். இதை முடிவு செய்ய ஏழு பேர் குழு. ஏழாவது பெயரைப் படித்ததும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். 'மெர்ல் கோவாண்டா, மைதானக் கடிகாரத்தை முப்பத்தொரு வருஷம் இயக்கியவர்.'

1981 நவம்பர் 14 அன்று நீ திருட்டுத்தனமாகச் செய்ததை இன்று விதியாகவே எழுதப் போகிறார்கள், எழுத உன்னையே உட்கார வைத்தும் இருக்கிறார்கள். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் கோபப்படுகிறேன், அது எனக்குப் பழக்கம்.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். எதிர்த்து ஓட்டுப் போடு. ஏன் எதிர்க்கிறாய் என்று கேட்டால் அன்று நடந்ததை நீயே சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
லவோன்


ஆர்ட்
ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் இரண்டும் முன்னைப் போலத்தான். நாய் போன அக்டோபரில் செத்துவிட்டது. பனி ஒரு அடி. என் பையன் டாரெல் அப்படியே இருக்கிறான். நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

விதி விஷயம். போன வருஷம் நம் சங்கத்தில் ஒரு ஆட்டம் சராசரியாக மூன்று மணி முப்பத்தாறு நிமிஷம் ஓடியிருக்கிறது. மாடு வைத்திருப்பவர்கள் ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியில் பால் கறக்க எழுந்து போகிறார்கள். ஆனால் எனக்கு அது காரணம் இல்லை. கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தால் ஒரு ஆட்டத்தில் பன்னிரண்டு பதினான்கு மோதல் குறையும். மோதல் குறைந்தால் பையன்கள் தலையில் வாங்குகிற அடி குறையும். அதற்காக நான் ஆதரித்துத்தான் ஓட்டுப் போடப் போகிறேன்.

இடுப்புக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொள்.
மெர்ல்


பிளாட் பென்ட்
பிப்ரவரி 10

மெர்லுக்கு,

நான் சுகம், நீயும் சுகமாகத்தான் இருப்பாய். மனசாட்சி இல்லாதவர்களுக்கு நல்ல தூக்கம் வரும் என்று டாக்டர் சொன்னார்.

1981 பற்றி ஒரு வரி இல்லை. மோதல் குறையும், அடி குறையும் என்று பாதிரியார் மாதிரி பேசுகிறாய். அடி குறைய வேண்டுமானால் பயிற்சியில் முட்டிக்கொள்வதைக் குறைக்கட்டும். நேரம் குறைய வேண்டுமானால் டிவிக்காரனின் டிரக் விளம்பரத்தைக் குறைக்கட்டும், இடைவேளையில் இருபது நிமிஷம் பாண்டு வாசிப்பதைக் குறைக்கட்டும். அதிலெல்லாம் கை வைக்க யாருக்கும் தைரியம் இல்லை. பின்தங்கிய அணி கடைசி நிமிஷத்தில் எட்டிப் பிடிக்க இருக்கிற ஒரே வழி அந்தக் கடிகாரம் நிற்பதுதான். அதைப் பிடுங்குகிறீர்கள்.

மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். பதினேழுக்குப் பதினான்கு, நாம் பின்னால். கோல் கோட்டுக்கு எட்டு கெஜம் பாக்கி. பத்து கெஜம் தாண்டிவிட்டோம், நடுவர் கையைத் தலைக்கு மேலே ஆட்டினார், பதினொரு விநாடி பாக்கியில் கடிகாரம் நிற்க வேண்டும். மாடி அறையில் சுவிட்சைக் கையில் வைத்துக்கொண்டு நீ உட்கார்ந்திருந்தாய். கடிகாரம் ஓடியது. நீ நிறுத்தும்போது நான்கு. பதினொன்றில் இரண்டு முறை மோதலாம். நான்கில் ஒரு முறைதான். ஒரு முறை மோதினோம், ஒரு கெஜம் பாக்கி நின்றது. டுவேன் கத்திக் கேட்டதற்கு, "பலகைல என்ன இருக்கோ அதுதான் கணக்கு, கோச்" என்றார் நடுவர்.

அந்த டிசம்பரில் டுவேனை வேலையை விட்டு அனுப்பினார்கள். பதினாறு வருஷம் கோச்சாக இருந்தவர் அதற்குப் பிறகு பதினாலு வருஷம் மக்காச்சோள விதைப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு பண்ணை பண்ணையாக ஏறி இறங்கினார். தன்னிடம் ஆடின பையன்களின் வாசலிலேயே தொப்பியைக் கழற்றி நின்றார். ஒரு நாள்கூட உன் பெயரை எடுத்துத் திட்டியதில்லை. நான் திட்டினாலும் "விடு லவோன்" என்பார். பெரிய மனுஷன்.

இப்போது கல்லூரி புது மைதானம் போடுகிறது. அதற்கு டுவேன் பெயரை வைக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள், கடைசி ஆட்டத்தைக் கோட்டை விட்டவர் பெயர் எதற்கு என்று சிலர் முனகுகிறார்கள். அவர் கோட்டை விடவில்லை என்று அந்த முனகுகிறவர்களுக்கு நான் காட்டப் போகிறேன்.

எப்படி என்று கேள். கார் ஷெட்டில் அவருடைய பெட்டியைப் பிரித்தேன். அடியில் ஒரு படச்சுருள். மேலே அவர் கையெழுத்தில் '11-14-81. யாருக்கும் தர வேண்டாம்.' கழுவக் கொடுத்த இடத்தில் கெட்டுப் போய்விட்டது என்று எல்லோரிடமும் சொன்னாரே, அந்தப் படம். அந்த வருஷத்தின் கடைசி ஆட்டம் என்பதால், அடுத்து மோதுகிற அணியின் கோச்சுக்கு வழக்கம்போலப் படம் கொடுத்து வாங்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போனது. உன்னைக் காப்பாற்றத்தான் மறைத்து வைத்திருக்கிறார். எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

லவோன்


ஆர்ட்
மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதம். டாரெலை இரண்டு முறை லிங்கன் நகரத்து டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டியிருந்தது.

படம் இருப்பது எனக்குத் தெரியாது. முழுசாகப் பார்த்தாயா? இருபத்துநான்கு வருஷத்துச் சுருள் நொறுங்கும். வீட்டு மெஷினில் ஓட்டாதே. கெர்னியில் டிஸ்கில் ஏற்றித் தருகிற கடை ஒன்று உண்டு. எந்த இடத்திலும் வெட்டாமல் ஏற்றச் சொல்.

இங்கே குளிர் விட்டுவிட்டது. உன் இடுப்புக்கு நல்லது.
மெர்ல்


பிளாட் பென்ட்
மார்ச் 24

மெர்லுக்கு,

சுகம். இப்படிச் சுகமாக இருந்து ரொம்ப நாளாயிற்று.

நீ சொன்ன கடையில்தான் ஏற்றினேன். கடைக்காரப் பையனுக்கு நல்ல கை. கடிகாரப் பலகை படத்தின் மேல் மூலையில் தெரிகிறது. அதை மட்டும் பெரிதாக்கியும் கொடுத்தான். சமையலறை டிவியில் போட்டு மூக்கு ஒட்டப் பார்த்தேன். பதினொன்று, பத்து, ஒன்பது, எட்டு, ஏழு, ஆறு, ஐந்து, நான்கு. நான்கில் நிறுத்திவிட்டு மறுபடி பதினொன்றிலிருந்து. கசகசா வைத்த கொலாச்சி பன் ஒரு தட்டு தீர்ந்துவிட்டது, எத்தனை முறை பார்த்தேன் என்று அதிலிருந்து தெரிந்துகொள்.

காபிக் கடையிலும் இதே பேச்சுதான். நேற்று பன்றிப் பண்ணை வென்டல் ஆரம்பித்தான்.

"மூணரை மணி நேரம் அந்த இரும்புப் பலகைல உக்காந்தா பின்பக்கம் மரத்துப் போயிடுது. சீக்கிரம் முடிச்சா நல்லதுதானே?"

"உனக்கு மரத்துப் போறதுக்காகப் பசங்க ஆட்டத்தைக் குறைப்பாங்களா? ஒரு மெத்தை வாங்கிட்டுப் போ" என்றாள் கடைக்காரி வெல்டா.

"விதி எதுக்குங்கறேன்? மெர்ல் கோவாண்டாவை மறுபடி மேல உக்கார வெச்சா போதும். அவன் கையில கடிகாரம் தானா ஓடும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் இருப்பதைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்கள். "சிரிங்க, என் தம்பிதானே" என்றேன்.

ஒரு வாய்ப்புத் தருகிறேன். குழுவிலிருந்து விலகு. அன்று வேண்டுமென்றே ஓடவிட்டேன் என்று நம் ஊர்ப் பேப்பருக்கு நாலு வரி எழுது. எழுதினால் படம் பெட்டிக்குள் போய்விடும். எழுதாவிட்டால் மே மாதம் கெர்னியில் நடக்கிற கூட்டத்தில் பத்துக் கல்லூரிக்காரர்கள் முன்னால் போட்டுக் காட்டுவேன். முப்பத்தொரு வருஷம் நேர்மையாகக் கடிகாரம் பிடித்தவன் என்ற பெயர் ஏழு விநாடியில் போகும்.

ஏன் செய்தாய் என்று இத்தனை வருஷம் யோசித்திருக்கிறேன். டுவேன் டாரெலைத் திட்டித் திட்டி ஆட வைத்தார் என்று உனக்குப் பொருமல். மற்றவன் பிள்ளையைவிடத் தன் மனைவியின் தம்பி பிள்ளையை அதிகமாக விரட்டினார், அது உண்மை. அதற்காக அவர் வாயில் மண்ணைப் போட்டாய்.

பதில் சீக்கிரம் வரட்டும்.
லவோன்


ஆர்ட்
ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உழவு தொடங்கிவிட்டது.

விலக மாட்டேன். பேப்பருக்கும் எழுத மாட்டேன். படத்தைக் காட்டு. சங்கச் செயலாளர் பெங்ட்சனுக்கு நானே எழுதி, பொதுமக்கள் பேசுகிற நேரத்தில் உனக்குப் பத்து நிமிஷம் கேட்டு வாங்கிவிட்டேன். பெரிதாக்கிய துண்டைக் காட்டினால் ஏதோ தில்லுமுல்லு என்பார்கள். முழுப் படத்தைக் காட்டு. பெரிய திரை வைக்கச் சொல்லியிருக்கிறேன். கடைசி இரண்டு நிமிஷத்திலிருந்து ஆரம்பித்துச் சுருள் முடிகிற வரை ஓட்டு. இடையில் நிறுத்தாதே.

██████████████████

கூட்டம் மே 14, காலை பத்து மணி.
மெர்ல்


பிளாட் பென்ட்
ஏப்ரல் 20

மெர்லுக்கு,

சுகம்தான். நீலத்தில் ஒரு உடுப்பு வாங்கியிருக்கிறேன். அடக்கத்துக்குக்கூட நான் புதுசு வாங்கவில்லை.

கடைசியில் ஒரு வரியை எழுதிவிட்டு, காகிதம் கிழிகிற அளவுக்கு அடித்திருக்கிறாய். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தும் தெரியவில்லை. மன்னிப்பு என்று எழுதப் போய்க் கை வரவில்லை போலிருக்கிறது. பரவாயில்லை, மன்னிப்பு எனக்கு வேண்டாம். அது வேண்டியிருந்த காலம் போய்விட்டது.

மைதானத்துக்குப் பெயர் வைக்கிற குழுவையும் கூட்டத்துக்கு அழைத்திருக்கிறேன். கல்லூரித் தலைவர் முதல் வரிசையில் உட்காருவார். பத்து நிமிஷம் வாங்கிக் கொடுத்ததற்கு நன்றி. கழுத்தை நீட்டுகிறவன் கயிற்றையும் கொண்டு வந்து தருவதை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், டாரெலைக் கூட்டி வராதே. அவன் குடித்துவிட்டு அங்கே தள்ளாடினால் குடும்பத்துக்கே அவமானம்.

லவோன்


ஆர்ட்
மே 2

அக்காவுக்கு,

டாரெல் குடிப்பதில்லை. என்றைக்கும் குடித்ததில்லை. 14-ஆம் தேதி பார்ப்போம்.

மெர்ல்


பிளாட் பென்ட்
மே 23

மெர்லுக்கு,

நலம் விசாரிக்க இன்று எனக்கு மனம் வரவில்லை.

நீ குழு மேஜையில் மூன்றாவது நாற்காலியில் இருந்தாய். தலை நிமிரவே இல்லை. அதனால் நான் நின்ற இடத்திலிருந்து என்ன தெரிந்தது என்று எழுதுகிறேன். நீ தெரிந்துகொள்வதற்காக இல்லை. உனக்கு எல்லாம் முன்பே தெரியும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

விளக்கை அணைத்தார்கள். திரை சுவர் உயரத்துக்கு இருந்தது. நான் கோலை எடுத்துக்கொண்டு, "மேல வலது மூலையைப் பாருங்க, வேற எங்கயும் பாக்காதீங்க" என்றேன். பார்த்தார்கள். பதினொன்று, பத்து, ஒன்பது என்று நான் சத்தமாக எண்ணினேன். நான்கில் கடிகாரம் நின்றதும் ஹாலில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அதற்காக இருபத்துநான்கு வருஷம் காத்திருந்தேன். அந்த முணுமுணுப்பைக் காது குளிரக் கேட்டேன்.

அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"ஏங்க, கீழ அந்த முப்பத்திநாலாம் நம்பர் பையன் என்ன பண்றான்?"

"எந்த முப்பத்திநாலு?"

"கோட்டோரமா. முட்டி போட்டு உக்காந்திருக்கான் பாருங்க. ஹெல்மெட்டைக் கழட்டிட்டான். ஐயோ, வாந்தி எடுக்கறான்."

நான் கோலை இன்னும் கடிகாரத்தின் மேலேயே வைத்திருந்தேன். "அவன் கிடக்கட்டும், இங்க பாருங்க" என்று சொன்னேன். இதை நான் என் வாயால் சொன்னேன்.

யாரும் இங்கே பார்க்கவில்லை. அடுத்து டுவேன் வந்தார். என் டுவேன், ஆள் உயரத்தில், சுவரில். முட்டி போட்டிருந்த பையனின் சட்டையைப் பிடித்துத் தூக்கினார். பையன் எதிரணி நிற்கிற பக்கம் நடந்தான். அவனைத் திருப்பி, கீழே கிடந்த ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் அமுக்கி, தாடைப் பட்டையைத் தன் கையால் மாட்டி, முதுகில் ஒரு தட்டுத் தட்டி உள்ளே தள்ளினார். பந்தை அவனுக்கே கொடுத்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு அந்தக் கும்பலுக்குள் போனான். எல்லோரும் எழுந்தார்கள், அவன் எழவில்லை. நான் வீட்டில் எப்போதும் நான்கிலேயே நிறுத்திவிடுவேன். நீ 'சுருள் முடிகிற வரை ஓட்டு' என்று எழுதியிருந்தாய். சுருள் முடிகிற வரை அவன் எழவில்லை.

"யாரு அந்தப் பையன்?" என்று கல்லூரித் தலைவர் கேட்டார்.

"டாரெல் கோவாண்டா. இதோ மெர்லோட பையன்" என்றான் வென்டல். அவனும் வந்திருந்தான், என்னை ஆதரித்துக் கைதட்ட. "மண்டைக்கு ஆகாம வீட்டோட கெடக்கறானே, அவன்தான்."

"அந்த கோச் பேரையா மைதானத்துக்கு வெக்கறதா இருந்தோம்?"

மறுபடி ஓட்டச் சொன்னார்கள். நான்கு முறை ஓட்டினார்கள். இரண்டாவது முறையிலிருந்து யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நான் கோலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். நீ குனிந்து உன் காகிதத்தில் ஏதோ எழுதினாய்.

அன்று நான் அந்த மைதானத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பலகையைப் பார்த்தேன். அதற்குப் பிறகு டுவேன் முகத்தைப் பார்த்தேன். வேறு எதையும் பார்க்கவில்லை.

நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஜனவரியிலிருந்து ஐந்து மாதம் இருந்தது. நீ எனக்கு நேரம் வாங்கித் தந்தாய், திரை வாங்கித் தந்தாய். என் புருஷனை என் கையாலேயே ஊர் முன்னால் நிறுத்த வைத்தாய். இல்லை என்று சொல்.

லவோன்


ஆர்ட்
ஜூன் 12

அக்காவுக்கு,

இல்லை என்று சொல்ல மாட்டேன். வேண்டுமென்றேதான் செய்தேன்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்கிறாய். சொன்னேன். 1982 பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து டாரெலைக் கூட்டிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். அவனுக்கு வெளிச்சம் ஆகாது, தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றான். டுவேன் அவனை மறுபடி இறக்கிவிட்டார் என்று நான் ஆரம்பித்தேன். நீ வலைக்கதவைத் திறக்காமலே உள்ளிருந்து பேசினாய். "குடிச்சிட்டு எங்கயோ விழுந்துட்டு வந்து என் புருஷன் தலையில கட்டாதீங்க. அவர் பொழைப்பைக் கெடுத்தது பத்தாதா?" அவன் காதில் விழும்படி சொன்னாய். அவனுக்கு அப்போது இருபது வயது. காரில் திரும்பும்போது, "நான் குடிச்சேனாப்பா?" என்று என்னைக் கேட்டான். அவனுக்கே நிச்சயமில்லை.

அன்று தீர்மானித்தேன், இனி உன்னிடம் நான் சொல்வதில்லை என்று. இந்த வருஷம் படம் இருக்கிறது என்று நீயே எழுதினாய். அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும், மேலே உட்கார்ந்து பார்த்தவன் நான். ஏப்ரல் கடிதத்தில் நான் அடித்த வரி, 'கடிகாரத்தை விட்டுவிட்டு ஒரு முறை பார்' என்பது. எழுதிவிட்டேன். அதற்குள் அடுத்த அறையில் டாரெல் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டான். இந்த வீட்டில்தான் பிறந்தான். அடித்துவிட்டேன்.

அன்று நான் கடிகாரத்தை ஓடவிட்டது உண்மை. அவன் கோட்டோரம் முட்டி போடுவதைப் பார்த்தேன். மாடியிலிருந்து கத்தினால் கேட்காது, இறங்கி ஓடினால் நேரம் இல்லை, கையில் இருந்தது ஒரு சுவிட்ச். பதினொன்றையும் தின்றுவிட்டால் ஆட்டம் முடிந்துவிடும், அவன் உள்ளே போக வேண்டியிருக்காது. அது என் கணக்கு. ஏழு போயிருந்தது, நடுவர் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். நான் நிறுத்த வேண்டியதாயிற்று. அவர் இன்னும் நாலு விநாடி பேசாமல் இருந்திருந்தால் என் பிள்ளை இன்று மனுஷன்.

டுவேனுக்கு இதெல்லாம் தெரியும். அதனால்தான் என்னைத் திட்டவில்லை, அதனால்தான் படத்தை ஒளித்தார். பெருந்தன்மை என்று நீ எழுதிய அன்று நான் நடுவரை மாத்திரம் இல்லை, கடவுளையும் சேர்த்துத் திட்டினேன்.

விதி ஆறுக்கு ஒன்று என்று நிறைவேறிவிட்டது. எதிர்த்தவர் ஒரு கோச். செப்டம்பரிலிருந்து கடிகாரம் ஓடும்.

எனக்கு மனசு நிறைந்திருக்கிறது. அதை மறைக்கப் போவதில்லை.

மெர்ல்


பிளாட் பென்ட்
ஆகஸ்ட் 21

அன்புள்ள தம்பி மெர்லுக்கு,

அக்கா லவோன் எழுதுவது. நான் சுகம். நீயும் டாரெலும் சுகமாக இருக்கிறீர்களா?

இரண்டு மாதம் பதில் எழுதவில்லை. மைதானத்துக்கு டுவேன் பெயர் வேண்டாம் என்று நானே கல்லூரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், அவர்கள் முந்திக்கொள்வதற்கு முன்னால். கூடத்தில் இருந்த அவர் படத்தையும் இறக்கிவிட்டேன். வலைக்கதவுக்குப் பின்னால் நின்று நான் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது, மறந்ததாக நடிக்க மாட்டேன். டாரெலிடம் அதைப் பற்றி நான் நேரில் பேசுவேன். அது எனக்கும் அவனுக்கும் உள்ளது. அதில் நீ வராதே.

இது உனக்கும் எனக்கும் உள்ளது.

இந்த இரண்டு மாதமும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜூலையில் ஒரு பெரிய டிவி வாங்கினேன். முதலில் டுவேனைப் பார்த்தேன், பிறகு டாரெலை, பிறகு சங்கிலிக்காரர்களை, பிறகு ஆளாளாக எல்லோரையும். போன வாரம் நடுவரைப் பார்த்தேன்.

பத்து கெஜம் தாண்டியதும் அவர் ஒரு முறை கையை ஆட்டினார். அதற்குப் பிறகு உன் பக்கம் திரும்பவே இல்லை, மெர்ல். சங்கிலி ஊன்றுகிற இடத்தில் குனிந்து நிற்கிறார், மாடி அறைக்கு முதுகு. கோட்டோரம் நிற்கிற மற்ற நடுவர்களையும் பார்த்துவிட்டேன். ஒருவன் பந்தைத் துடைக்கிறான், ஒருவன் ஷூ நாடா கட்டுகிறான். பதினொன்றிலிருந்து நான்கு வரைக்கும், நான்குக்கு அப்புறமும், ஒருவனும் தலையைத் தூக்கிக் கையைக் காட்டவில்லை. அந்த ஹாலில் உட்கார்ந்த யாரையும் கேள், டிஸ்க் சங்க அலுவலகத்தில் இருக்கிறது.

நீயாகத்தான் நிறுத்தியிருக்கிறாய். வருஷக்கணக்காகப் பழகிய கை, தப்பு செய்துகொண்டிருக்கிறோம் என்று தானாகவே சுவிட்சைத் தட்டிவிட்டது. உனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நீ அவ்வளவு நேர்மையான ஆள்.

இன்னொன்றையும் அளந்தேன். நான்கில் கடிகாரம் பத்தொன்பது விநாடி நின்றது. கடிகாரம் நான்கைத் தொடும்போது டாரெல் முட்டி போட்டபடிதான் இருக்கிறான், ஹெல்மெட் புல்லில் கிடக்கிறது. டுவேன் அவன் பக்கம் இன்னும் திரும்பக்கூட இல்லை. அவர் திரும்பியது, தூக்கியது, ஹெல்மெட்டை அமுக்கியது, பட்டையை மாட்டியது எல்லாமே நீ நிறுத்திக் கொடுத்த அந்தப் பத்தொன்பது விநாடிக்குள். ஓடவிட்டிருந்தால் அவன் முட்டி போட்டிருக்கும்போதே ஆட்டம் முடிந்திருக்கும்.

டுவேன் செய்தது டுவேனோடு போகட்டும், அவர் மண்ணுக்குள் இருக்கிறார், என்ன கேட்டாலும் பதில் வராது. நீ இருக்கிறாய்.

உனக்கு எழுபதுதான் ஆகிறது. முழங்காலுக்கு நல்ல டாக்டராகப் பார். வேளைக்குச் சாப்பிடு. நீ ரொம்ப நாள் நல்ல நினைவோடு உயிரோடு இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் சர்ச்சில் உனக்காக வேண்டிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா லவோன்